ஓநாய் இல்லாத நாட்டின் ஓநாய் வேட்டை நாய்

அயர்லாந்தில் பிறந்து லண்டனில் எழுதிப் பிழைத்தவர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். 1774இல் வெளிவந்த அவருடைய விலங்கியல் நூலில், தம் நாட்டின் பெரிய ஓநாய் வேட்டை நாயைப் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. அந்த இனம் அருகிப்போய்விட்டது என்கிறார். பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாய்களைத் தாமே பார்த்ததாகவும், அவற்றில் பெரியது நான்கடி உயரம், அதாவது ஒரு வயதுக் கன்றின் உயரம் இருந்ததாகவும் எழுதுகிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, அய்ல்மர் பர்க் லாம்பர்ட் என்ற இயற்கையியலாளர் அயர்லாந்தின் மேற்குக் கரைக்குப் போனார். அங்கே ஆல்டமாண்ட் பிரபு வளர்த்துவந்த நாய்கள்தாம் அந்த இனத்தின் கடைசி எச்சம் என்று அன்றைக்கு நம்பினார்கள். லாம்பர்ட் அவற்றில் ஒன்றை அளந்து பார்த்தார். பாதத்திலிருந்து தோள்வரை இருபத்தெட்டரை அங்குலம். இரண்டரை அடிகூட இல்லை.

நான்கடி என்பது 122 சென்டிமீட்டர். கின்னஸ் பதிவேட்டில் உலகிலேயே உயரமான நாய் என இடம்பெற்ற அமெரிக்காவின் ஜீயஸ் என்ற கிரேட் டேன் நாயின் உயரம் 111.8 சென்டிமீட்டர். கோல்ட்ஸ்மித் சொன்னது சரியென்றால் அவர் பார்த்த நாய் ஜீயஸையும் நான்கு விரற்கடைக்கு மேல் விஞ்சியிருக்க வேண்டும். நாயின் உயரத்தைத் தலை உச்சிவரை அளப்பதில்லை. கழுத்து முதுகோடு சேரும் தோள்முகடுவரைதான் அளப்பார்கள். கோல்ட்ஸ்மித் தலையையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கலாம், நினைவில் வளர்ந்த நாயை எழுதியிருக்கலாம். எப்படியானாலும், அந்த நான்கடிக்கும் இந்த இரண்டரை அடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் என்ற இனத்தின் கதை முழுவதும் கிடக்கிறது. இந்த நாயை மனிதர்கள் விரும்பியது அதன் உயரத்துக்காக. மிகைப்படுத்திப் பேசியதும் உயரத்தைத்தான். அழிந்துபோகவிருந்த இனத்தை மீட்டு வளர்த்தபோது குறியாக இருந்ததும் உயரம்தான். அந்த உயரத்துக்கான விலையை இன்று கொடுத்துக்கொண்டிருப்பது நாய். இதைப் புரிந்துகொண்டால் இந்த இனத்தைப் பற்றிய பல குழப்பங்கள் தாமாகவே தெளியும்.

முதலில் இது எந்தக் கூட்டத்து நாய் என்பதைப் பார்த்துவிடலாம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, இரையைப் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் நாய்களை சைட்ஹவுண்ட் என்று தனியே பிரிப்பார்கள். நம்முடைய ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. கரிசல்காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடும் சிப்பிப்பாறையைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. நீண்ட முகம், ஆழமான மார்பு, உள்ளே ஒடுங்கிய வயிறு, நெடிய கால்கள். முழு வேகத்தில் ஓடும்போது இந்த நாய்களின் நான்கு கால்களும் ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை தரையைவிட்டு எழும்: முன்னங்கால்களும் பின்னங்கால்களும் விரிந்து நீளும்போது ஒரு முறை, உடலுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது இன்னொரு முறை. குதிரையின் பாய்ச்சலில் இது ஒரு முறைதான் நிகழும். முதுகெலும்பு வளைந்து நிமிர்வதால் கிடைக்கும் ஆற்றல் இது.

முயல் பிடிக்க வேகம் போதும். ஓநாய்க்கு அது போதாது. துரத்தி எட்டிய பிறகு, திருப்பிக் கடிக்கக்கூடிய ஒரு விலங்கை வேட்டைக்காரர் வந்து சேரும்வரை கழுத்தைக் கவ்வி நிறுத்தி வைக்க வேண்டும். எடை கூடினால் வேகம் குறையும். எடை குறைந்தால் பிடி தளரும். ஓடவும் வேண்டும், அடக்கவும் வேண்டும் என்ற இந்த இரட்டைத் தேவைதான் வுல்ஃப்ஹவுண்டின் உடலை வடித்தது. இன்றைய இன வரையறையும் இதையே சொல்கிறது: கிரேட் டேன் அளவுக்குக் கனத்துப்போகக் கூடாது, ஸ்காட்லாந்தின் டீர்ஹவுண்டைவிடக் கனமாக இருக்க வேண்டும்.

இந்த இனத்தின் பழைமையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது ஒரு ரோமானியக் கடிதத்தை. 391இல் ரோமின் கான்சலாக இருந்த குயின்டஸ் ஆரேலியஸ் சிம்மாகஸ், பொதுமக்களுக்கான விளையாட்டுக் காட்சிக்காக ஏழு நாய்களை அனுப்பிவைத்த ஃபிளேவியன் என்பவருக்கு நன்றி சொல்லி எழுதியது அது. அந்த நாய்களை ஸ்காட்டிகளின் நாய்கள் என்று குறிப்பிடுகிறார். அந்தக் காலத்து ரோமர்கள் அயர்லாந்து மக்களைத்தான் அப்படி அழைத்தார்கள். ரோம் நகரமே அவற்றைப் பார்த்து வியந்தது என்றும், இரும்புக் கூண்டில் அடைத்துத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று மக்கள் எண்ணினார்கள் என்றும் எழுதுகிறார். இந்தக் கடிதம் உண்மை. ஆனால் அதில் நாயின் உயரம் இல்லை, முடி இல்லை, நிறம் இல்லை, முகவெட்டு இல்லை. 4ஆம் நூற்றாண்டிலேயே அயர்லாந்து நாய்களுக்குப் பேர் இருந்தது என்பதற்கு இது சான்று. இன்று நாம் படத்தில் பார்க்கும் நாய் 1,600 ஆண்டுகளாக மாறாமல் இருக்கிறது என்பதற்கு இது சான்றாகாது. இனத்தைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

அயர்லாந்தின் புராணங்களில் நாய்க்கு உள்ள இடம் பெரிது. ஃபின் மக்கூல் என்ற வீரனின் வேட்டை நாய்களான பிரானும் ஸ்கோலங்கும் அவனுக்கு உறவுமுறை. நாயாக மாற்றப்பட்ட அவனுடைய சித்தியின் வயிற்றில் பிறந்தவை அவை என்பது கதை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நியால் சாகாவில், ‘மயில்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஓலாஃப், குன்னர் என்ற வீரனுக்கு அயர்லாந்திலிருந்து கிடைத்த சாம்ர் என்ற நாயைப் பரிசளிக்கிறான். பெரிய உடம்பு, மனிதனுக்கு இருக்கும் அறிவு, நண்பன் யார் பகைவன் யார் என்று பிரித்தறியும் திறன் என்று அதை அறிமுகம் செய்கிறான். பின்னால் குன்னரைக் கொல்ல வருபவர்கள் முதலில் அந்த நாயைத்தான் கொல்கிறார்கள். சாகும் நாயின் ஊளையைக் கேட்டுத்தான் குன்னர் விழிக்கிறான். கதையென்றாலும் ஒன்று தெரிகிறது: கடல் கடந்து பரிசாக அனுப்பும் அளவுக்கு இந்த நாய் மதிப்புடைய பொருளாக இருந்திருக்கிறது. பிற்கால இன வரலாற்று நூல்களில் இந்த நாய்களைப் பெற்ற மன்னர்களின் பட்டியல் நீளமாக வரும். அதில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் பெயரும் உண்டு.

நாயின் அருமை அயர்லாந்தை ஆண்டவர்களுக்குப் புரிந்த ஆண்டு 1652. இங்கிலாந்தின் கிராம்வெல்லுடைய படைகள் அந்நாட்டை அடக்கி முடித்திருந்த நேரம். போரிலும் பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் மனிதர்கள் மாண்டு ஊர்கள் வெறிச்சோடியதால் ஓநாய்கள் பெருகியிருந்தன. நாட்டைவிட்டு வெளியேறிய படைத்தலைவர்களும் பிரபுக்களும் நாய்களைத் தங்களோடு கொண்டுபோனார்கள். அந்த ஏப்ரலில் கில்கெனி நகரில் பிறப்பிக்கப்பட்ட ஆணை, ஓநாய் வேட்டை நாய்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு ஓநாய்த் தலைக்கு விலை வைத்தார்கள்: பெண் ஓநாய்க்கு ஆறு பவுண்ட், ஆணுக்கு ஐந்து, தானே இரை தேடும் குட்டிக்கு நாற்பது ஷில்லிங், பால்குடிக் குட்டிக்குப் பத்து. பெண்ணுக்கு விலை அதிகம் வைத்ததிலேயே நோக்கம் தெரிகிறது. வேட்டையாக அல்ல, ஒழிப்பாகத்தான் இதை நடத்தினார்கள். ஒழிப்பு வெற்றி பெற்றது. அயர்லாந்தின் கடைசி ஓநாய் கார்லோ பகுதியில், லென்ஸ்டர் மலையருகே 1786இல் கொல்லப்பட்டதாகப் பொதுவாகக் குறிப்பிடுவார்கள்.

ஓநாய் போனதும் நாய்க்கு வேலை போயிற்று. நாள்தோறும் நிறைய இறைச்சி தின்னும் விலங்கை வேலை இல்லாமல் வைத்துத் தீனி போட ஏழை விவசாயியால் முடியாது. பெரிய வீடுகளில், பழைய பெருமைக்காக, சில நாய்கள் மிஞ்சின. எண்ணிக்கை குறைந்தபோது கண்ட கலப்பும் நடந்தது. லாம்பர்ட் அளந்த ஆல்டமாண்ட் நாய்கள் சைட்ஹவுண்டின் ஒடுங்கிய வேகநாய் வடிவத்தைவிடக் கனத்த மாஸ்டிஃப் நாயின் வடிவத்துக்கு நெருக்கமாகத் தெரிகின்றன. உண்மையான ஓநாய் நாய் எது என்ற சண்டை அப்போதே தொடங்கிவிட்டது.

இடையில் இரண்டு கட்டுக்கதைகளையும் ஒதுக்கிவிட வேண்டும். இந்த நாய்கள் அயர்லாந்தின் மாபெரும் மானை, பத்தடிக்கு மேல் அகன்ற கொம்புடைய அந்த ஐரிஷ் எல்க்கை வேட்டையாடின என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சதுப்பு நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த எலும்புக்கூடுகளைப் பார்த்து எழுந்த கற்பனை அது. அந்த மான் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அயர்லாந்தில் மறைந்துவிட்டது.

இன்னொன்று, இந்த இனத்து நாயாகச் சொல்லப்படும் கெலர்டின் கதை. வேல்ஸ் இளவரசன் லுவெலின் வேட்டையிலிருந்து திரும்புகிறான். தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது, குழந்தையைக் காணவில்லை, நாய் கெலர்டின் வாயில் இரத்தம். வாளை உருவிக் குத்திவிடுகிறான். பிறகுதான் தொட்டிலுக்கு அடியில் குழந்தையின் அழுகை கேட்கிறது. பக்கத்தில் நாய் கொன்ற ஓநாய் கிடக்கிறது. பெத்கெலர்ட் ஊரில் இன்றும் அந்த நாயின் சமாதியைக் காட்டுகிறார்கள். அதை எழுப்பியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூருக்கு விடுதி நடத்த வந்த டேவிட் பிரிட்சார்ட் என்பவர், பயணிகளை ஈர்ப்பதற்காகவே. தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிதே இல்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையைத் தவறாகக் கொன்றுவிட்ட பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவிய செய்தி வருகிறது. பஞ்சதந்திரத்திலும் அதே கீரிதான். கீரி பல நாடுகளில் பல உருவெடுத்து, வேல்ஸ் போய்ச் சேர்ந்தபோது நாயாகியிருந்தது. கதை அழகானது, இன வரலாற்றுக்குச் சான்றாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி, இந்த நாயின் இரண்டாம் பிறப்பு. 1841இல் ஹெச். டி. ரிச்சர்ட்சன் என்பவர் ஐரிஷ் பென்னி ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய ஓநாய் நாய் வேகநாய் வடிவம் கொண்டது, ஸ்காட்லாந்தின் டீர்ஹவுண்ட் அதன் சிறுத்த வாரிசுதான் என்று வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல், பழைய இரத்தம் இருப்பதாகக் கருதப்பட்ட நாய்களைத் தேடிச் சேர்த்து இனப்பெருக்கமும் செய்தார். கில்ஃபேனில் சர் ஜான் பவர், பாலிடோபினில் பேக்கர் போன்ற நிலக்கிழார்களும் அதே வழியில் தத்தம் நாய்வரிசைகளை வளர்த்தார்கள். இந்த நூலிழையைப் பற்றிக்கொண்டவர்தான் கேப்டன் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், டர்ஸ்லி என்ற ஊரில் வாழ்ந்தவர். 1862 வாக்கில் இந்தப் பணியில் இறங்கினார்.

கிரஹாமின் வழி அறிவியல் வழி என்று சொல்லிவிட முடியாது. மரபியல் என்ற துறையே அன்று இல்லை. ஆனால் நோக்கம் தெளிவாக இருந்தது, பதிவுகள் ஒழுங்காக இருந்தன. கில்ஃபேன், பாலிடோபின் வரிசைகளின் எஞ்சிய நாய்களை அடித்தளமாகக் கொண்டார். வடிவத்துக்கும் சொரசொரப்பான முடிக்கும் டீர்ஹவுண்டைச் சேர்த்தார். உயரத்துக்கும் எலும்பின் கனத்துக்கும் கிரேட் டேனைச் சேர்த்தார். ரஷ்யாவின் ஓநாய் வேட்டை நாயான போர்சாயின் இரத்தமும், திபெத்தைச் சேர்ந்த பெரிய நாய் ஒன்றின் இரத்தமும் கலந்தன. முந்நூறு நாய்களின் வம்சாவளியைக் கைப்பட எழுதி வைத்தார். 1879இல் தம் கருத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1885இல் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் கிளப்பைத் தொடங்கினார். அதையொட்டி இன வரையறையும் உருவானது. பெரும் உருவம், அதோடு கம்பீரமான உயரம், இவை இனத்தின் நோக்கங்களாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். 1909இல் கிரஹாம் இறந்தபோது, இனம் தன் காலில் நின்றது.

அப்படியானால் இன்றைய வுல்ஃப்ஹவுண்ட் போலியா? இந்தக் கேள்வியை அயர்லாந்தில் அன்றே கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். என் தீர்ப்பு: போலி இல்லை, மாறாத தொன்மையும் இல்லை. பழைய இரத்தத்தின் ஒரு பங்கு அதில் இருக்கிறது. டீர்ஹவுண்டோடு அதற்கு உள்ள நெருக்கத்தை மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் இன்றைய உயரமும் கனமும் விக்டோரியா காலத்து மனிதர்கள் தேர்ந்தெடுத்து உண்டாக்கியவை. ஓர் ஓநாயைக்கூடப் பார்த்திராத தலைமுறைகள், பழைய நூல்களில் படித்த ஒரு நாயை அடைய முயன்று கண்ட விளைவு இது. கிரஹாமின் கண்முன் நின்றது லாம்பர்ட் அளந்த நாய் அல்ல, கோல்ட்ஸ்மித் நினைவில் வளர்ந்த நாய். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். அவர் இல்லையென்றால் இன்று பேசுவதற்கே எதுவும் இருந்திருக்காது. அவர் குறித்துக்கொண்ட இலக்கைத்தான் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றைய நாய் எப்படி இருக்கும்? ஆண் குறைந்தது 79 சென்டிமீட்டர் உயரம், 54.5 கிலோ எடை; பெண் 71 சென்டிமீட்டர், 40.5 கிலோ. இவை கீழெல்லைதான். ஆண்களில் சராசரி 81 முதல் 86 சென்டிமீட்டர்வரை இருக்க வேண்டும் என்பது இலக்கு. தனி நாயின் சாதனைகள் கிரேட் டேனிடம் இருந்தாலும், இனமாக எடுத்தால் உயரத்தில் முதல் வரிசை இதற்குத்தான். பின்னங்கால்களில் எழுந்து நின்றால் ஆறடி மனிதனின் தலையைத் தாண்டும். தலை நீளம், நெற்றி அதிகம் அகலமில்லை. காது சிறிது, பின்னோக்கி மடிந்திருக்கும். வால் நீளம், நுனியில் மெல்ல வளைந்திருக்கும். உடல் முழுக்கக் கம்பிபோல் விறைத்த, சொரசொரப்பான முடி. புருவத்திலும் தாடையிலும் அது இன்னும் நீண்டு, இளைய நாய்க்குக்கூட ஒரு முதியவரின் முகத்தைக் கொடுத்துவிடும். சாம்பல், செம்மை, கறுப்பு, தூய வெள்ளை, கோதுமை நிறம், கருங்கோடுகள் ஓடும் பழுப்பு என நிறங்கள் பல. சாம்பல்தான் பலருக்கும் நினைவில் நிற்பது.

குணத்தைப் பற்றித்தான் அதிகம் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஓநாயைக் கொன்ற நாய் என்றதும், வீட்டுக் காவலுக்கு இதைவிடச் சிறந்தது ஏது என்று நினைக்கிறார்கள். காவலுக்கு இது சரிப்படாது. அந்நியர் வந்தால் பெரும்பாலான வுல்ஃப்ஹவுண்டுகள் குரைப்பதுகூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு அருகில் போய் நிற்கும். வந்தவர் பயப்படுவது உருவத்தைப் பார்த்து மட்டுமே. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வேட்டை நாய்க்கும் காவல் நாய்க்கும் மூளையில் வேலை செய்யும் உந்துதல் வேறு. காவல் நாய் எல்லையைப் பார்க்கிறது, அந்நியரைச் சந்தேகிக்கிறது. வேட்டை நாய்க்கு ஓடும் இரைதான் குறி. மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் கூட்டமாகச் செயல்பட வேண்டிய நாய், மனிதரைக் கண்டு சீறினால் வேட்டையே நடக்காது. எனவே தலைமுறை தலைமுறையாக, மனிதனிடம் சாதுவான நாய்தான் இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தடவினால் பசு, சீண்டினால் புலி என்ற பொருளில் ஒரு பழைய முதுமொழியை இனத்தின் மீது ஏற்றிச் சொல்வார்கள். இன்றைய நாயிடம் முதல் பாதிதான் அன்றாடம் தெரியும்.

அதே உந்துதலின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வேலிக்கு அப்பால் ஒரு பூனை ஓடினால், ஆட்டுக்குட்டி துள்ளினால், இந்தச் சாது நாயின் கண் அதில் பதிந்துவிடும்; பிறகு அழைத்தாலும் காதில் விழாது. அறுபது கிலோ எடை ஒரே பாய்ச்சலில் கிளம்பினால் கயிற்றைப் பிடித்திருப்பவர் தரையில் விழுவார். வேலி இல்லாத இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது என்பது சைட்ஹவுண்ட் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. கடுமையாக அதட்டினால் இந்த நாய் ஒடுங்கிப்போகும், பயிற்சியும் பாழாகும். தனிமையும் ஆகாது. நாள் முழுவதும் கட்டிப்போட்டு, மாலையில் பத்து நிமிடம் பார்க்க வருபவருக்கு உரிய விலங்கு இல்லை இது.

பிரிட்டிஷ் படையின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவு 1900இல் தொடங்கப்பட்டது. 1902இல் வுல்ஃப்ஹவுண்ட் கிளப் அதற்கு ஒரு நாயை வழங்கியது. பிரையன் போரு என்ற பழைய அயர்லாந்து அரசனின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அன்று முதல் இன்றுவரை அணிவகுப்பின் முன்னே ஒரு வுல்ஃப்ஹவுண்ட் நடக்கிறது. இசைக்கருவிகளின் இரைச்சலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே அது அமைதியாக நடப்பதே மனிதரிடம் காட்டும் சாதுவான குணத்துக்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், உள்நாட்டுப் போரில் இறந்த அயர்லாந்து வம்சாவளி வீரர்களுக்காக 1888இல் எழுப்பிய நினைவுச் சின்னத்தில், கெல்டிய சிலுவையின் அடியில் ஒரு வெண்கல வுல்ஃப்ஹவுண்ட் தலையைத் தாழ்த்திப் படுத்திருக்கிறது. ஒரு மக்கள் கூட்டம் தன் துயரத்தை எந்த விலங்கின் உருவில் வைத்தது என்பதைக் கவனியுங்கள். பாயும் நாயை அவர்கள் வடிக்கவில்லை.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2024 மார்ச்சில் நடுவண் அரசின் கால்நடைத் துறை, ஆபத்தானவை எனக் கருதிய 23 வகை நாய்களுக்கு உரிமம் வழங்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தப் பட்டியலில் ‘வுல்ஃப் டாக்’ என்று ஒரு வகை இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். வுல்ஃப் டாக் என்று பொதுவாகச் சொல்வது ஓநாயும் நாயும் கலந்து பிறந்த விலங்கை. வுல்ஃப்ஹவுண்ட் ஓநாயின் இரத்தம் கலந்த நாய் அல்ல. ஓநாயைப் பிடிக்க வளர்த்த நாய். பெயரின் ஒரு பாதியை மட்டும் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், அந்தப் பாதிக்காகவே ஆசைப்படவும் வேண்டாம்.

இனி, உயரத்துக்காக இந்த நாய் கொடுக்கும் விலைக்கு வருவோம். வுல்ஃப்ஹவுண்ட் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஒரு வயதுக்குள் ஐம்பது கிலோவைத் தொட்டுவிடும். மனிதக் குழந்தை பதினைந்து பதினாறு ஆண்டுகளில் கடக்கும் வளர்ச்சியை இந்த எலும்புகள் ஓராண்டில் கடக்கின்றன. எலும்பின் முனைகளில் வளரும் குருத்தெலும்பு அவ்வளவு நாளும் மென்மையாகவே இருக்கும். அந்தப் பருவத்தில் நீண்ட தூரம் ஓடவைப்பது, மாடிப்படி ஏற்றுவது, வழுக்கும் தரையில் விளையாடவிடுவது, சீக்கிரம் பெரிதாகட்டும் என்று கால்சியத்தை அள்ளிக் கொடுப்பது எல்லாம் மூட்டையும் எலும்பையும் நிரந்தரமாகக் கெடுக்கும். பெரிய நாய்க்குட்டியை மெதுவாக வளர்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கிறது.

வளர்ந்த பிறகு காத்திருப்பவை வேறு. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு காற்றடைத்து உப்பித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் ஒரு நிலை வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் உயிர் போய்விடும். வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல், வயிறு வீங்கி, நிலைகொள்ளாமல் தவிக்கும் நாயை விடியட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. இதயத் தசை விரிந்து தளரும் நோயும், அதோடு சேர்ந்து வரும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் இந்த இனத்தில் மிகுதி. கால் எலும்பில் வரும் புற்றுநோய் இன்னொரு பெரிய எமன். நிமோனியாவும் இவற்றை எளிதில் பற்றும். சில குட்டிகள், குடலிலிருந்து வரும் இரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாகாமல் விலகிப் போகும் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. உடலில் கொழுப்பு குறைவு என்பதால் சில வகை மயக்க மருந்துகள் சைட்ஹவுண்டுகளின் உடலைவிட்டு வெளியேற நெடுநேரம் எடுக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவருக்கு இதை நினைவூட்டுவது நல்லது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால், இந்த இனத்தின் சராசரி ஆயுள் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். பத்து வயதைத் தொடும் நாய் அரிது. ஒரு தெருநாய்க்கு ஒழுங்காகச் சோறும் தடுப்பூசியும் கிடைத்தால் அது இதைப்போல இரு மடங்கு வாழ்ந்துவிடும். வெவ்வேறு விலங்கினங்களை ஒப்பிட்டால் பெரிய விலங்குதான் நெடுநாள் வாழும். யானைக்கும் எலிக்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததே. நாய் என்ற ஒரே இனத்துக்குள் இது தலைகீழ். உருவம் பெருகப் பெருக ஆயுள் சுருங்குகிறது. பெரிய நாய்களின் உடலில் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற சுரப்பு மிகுதியாக இருக்கிறது. வேகமாகப் பெருகும் உயிரணுக்கள் வேகமாக முதுமையும் அடைகின்றன, புற்றுநோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. கிரஹாம் கிரேட் டேனைச் சேர்த்தபோது இதை அறிந்திருக்க வழியில்லை. நாம் அறிவோம்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இந்த நாய்க்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையும் குளிர்காற்றும் உள்ள நாட்டுக்கு உரிய முடி அது. நம் சித்திரை வெயிலில், அடுக்குமாடி வீட்டில், குளிரூட்டிய அறைக்குள் அடைத்து வைத்தால் நாய் உயிரோடு இருக்கலாம். ஓடப் பிறந்த விலங்கு ஓடாமல் இருக்கும். இந்தக் கூட்டத்து நாய்தான் வேண்டும் என்றால் நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கன்னியும் இருக்கின்றன. ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டின் மேல் உள்ள அன்பினால்தான் அதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்கிறேன்.

இந்த இனம் ஏற்கெனவே வளரும் நாடுகளில் என்ன செய்ய முடியும் என்பதற்கு விடை ஓரளவு தெரிந்திருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த இனத்தை வளர்ப்பவர்கள் தங்கள் நாய்களுக்கு அவ்வப்போது இதயப் பரிசோதனை செய்கிறார்கள். குட்டிகளை விற்கும் முன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்யும் பழக்கமும் பரவியிருக்கிறது. சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. இதயநோயும் எலும்புப் புற்றும் பெரும்பாலும் நடுவயதில், அதாவது நான்கு ஐந்து வயதுக்குப் பிறகு வெளிப்படுகின்றன. அதற்குள் அந்த நாய் இரண்டு மூன்று வயதிலேயே குட்டிகளுக்குத் தகப்பனாகவோ தாயாகவோ ஆகிவிட்டிருக்கும். நோயும் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டிருக்கும். ஆறு ஏழு வயதிலும் இதயம் சீராக ஓடும் ஆண் நாய்களைக் கொண்டு இனப்பெருக்கம் செய்வது, நெடுநாள் வாழ்ந்த தாத்தா பாட்டி உள்ள வரிசைகளுக்கு முதலிடம் கொடுப்பது, காட்சி மேடையில் ஓரிரு சென்டிமீட்டர் உயரம் குறைந்த நாய்க்கும் பரிசு கொடுக்க நடுவர்கள் மனம் வைப்பது, இவை மூன்றும் செய்யக்கூடியவை. 79 சென்டிமீட்டர் என்ற கீழெல்லையை மாற்றக்கூட வேண்டாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணை நிறுத்தினால் போதும்.